குதியைப் பிடித்தால் எடை குறையும்: மோல்டட் ஐஸ் ஸ்கேட் பூட் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

தோல் ஸ்கீ பூட்டுக்கு முடிவு கட்டியவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் பாப் லாங்கே. 1960களில் அவர் கொண்டுவந்த பாலியூரித்தேன் ஓடு சில வருடங்களிலேயே பந்தயக்காரர்களின் கால்களுக்கு ஏறியது. அதன்பின் ஸ்கீ பூட் என்றாலே பிளாஸ்டிக் என்றாகிவிட்டது. அந்த வெற்றியின் சூட்டோடு லாங்கே நிறுவனம் 1970களில் ஐஸ் ஹாக்கிக்கும் பிளாஸ்டிக் ஸ்கேட் போட்டது. 1980களில் மைக்ரான் என்ற பெயரில் வந்த வார்ப்பு ஸ்கேட்டுகளை வட அமெரிக்கத் தொழில்முறை வீரர்கள் பலர் மாட்டிக்கொண்டு ஆடினார்கள். ஆனால் ஐஸில் கதை வேறு மாதிரி போனது. 1990களில் உயர்மட்ட ஆட்டத்தில் தைத்த பூட்டே மறுபடி கோலோச்சியது. பிளாஸ்டிக் ஓடு வாடகை ஸ்கேட், பொழுதுபோக்கு ஸ்கேட் என்று ஓரமாக ஒதுங்கியது.

2010களில் அதே யோசனை வேறு உடுப்பில் திரும்பி வந்தது. அடி, பக்கச்சுவர், குதி எல்லாம் ஒரே துண்டாக வார்த்த ஓடு. இந்த முறை நிலைத்துவிட்டது.

ஒரே யோசனை ஒருமுறை தோற்று மறுமுறை வென்றது எப்படி என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. “கார்பன் ஃபைபர் வந்துவிட்டது, அவ்வளவுதான்” என்பது வழக்கமாகக் கிடைக்கும் பதில். அது பாதி பதில் என்பது என் கருத்து. பழைய பூட்டின் எடையில் பெரும்பகுதி, பூட் காலோடு ஒட்டாததை ஈடுகட்டப் போட்ட எடை. அச்சு காலின் வடிவத்துக்கு வந்த பிறகுதான் அந்த எடையைக் கழற்றி வைக்க முடிந்தது. கார்பன் அதற்குத் துணை நின்றது.

எடை குறைந்தால் என்ன கிடைக்கும்?

விளம்பரங்கள் எடையில்தான் தொடங்குகின்றன. நாமும் அங்கேயே தொடங்கலாம். ஒரு காலுக்கு 200 கிராம் குறைத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். தாவிச் சுழலும் ஃபிகர் ஸ்கேட்டர் கைகளை மார்போடு ஒடுக்கி, கால்களைப் பின்னிக்கொள்கிறார். அப்போது பூட்டுகள் சுழல் அச்சிலிருந்து சுமார் 10 செ.மீ. தூரத்தில்தான் இருக்கும். இரண்டு பூட்டுக்கும் சேர்த்துக் குறையும் நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சி மாற்றத்தை எதிர்க்கும் அளவு) 0.004 கி.கி.மீ². ஒடுங்கிய உடலின் மொத்தம் ஏறத்தாழ 1 கி.கி.மீ². அரை சதவீதம்கூடத் தேறவில்லை. “இலகுவான பூட், வேகமான சுழற்சி” என்று எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஒரு காலைப் பின்னால் கிடைமட்டமாக நீட்டிச் சுழலும் கேமல் ஸ்பின்னில் நிலைமை மாறுகிறது. நீட்டிய காலின் பூட் அச்சிலிருந்து 90 செ.மீ. தள்ளி இருந்தால், அந்த ஒரே பூட்டில் குறைந்த 200 கிராம் 0.16 கி.கி.மீ² மிச்சப்படுத்துகிறது. முந்தையதைப் போல 40 மடங்கு. தாவலுக்கு முன் காலை வீசும்போதும், ஹாக்கியில் ஒவ்வொரு தள்ளலுக்குப் பிறகும் காலை முன்னால் இழுக்கும்போதும் இதே கதைதான். ஓட்டப் பயிற்சி ஆய்வுகளில் ஷூவுக்கு 100 கிராம் கூடினால் ஆற்றல் செலவு ஏறக்குறைய 1 சதவீதம் கூடுகிறது என்பது பழைய முடிவு. ஸ்கேட்டர் காலை அவ்வளவு உயரம் தூக்குவதில்லை என்பதால் அந்த எண்ணை அப்படியே ஐஸுக்குக் கொண்டுவர முடியாது. திசை மட்டும் சரி. ஆக, எடை குறைவதில் லாபம் உண்டு. ஆனால் அந்த லாபத்துக்காக மட்டும் ஒருவர் பூட் மாற்ற வேண்டியதில்லை.

இரண்டு மில்லிமீட்டர்

பொருத்தம் சரியில்லாவிட்டால் ஏற்படும் நஷ்டம் இதைவிடப் பெரிது. கணுக்கால் முட்டு சோலிலிருந்து சுமார் 9 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. அங்கே காலுக்கும் சுவருக்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளி விட்டுப்போனால், கால் சுவரைத் தொடுவதற்கு முன் சுமார் 1.3 டிகிரி வீணாகச் சாயும். 1.3 டிகிரி ஒன்றும் பெரிதில்லையே என்று தோன்றும். பிளேடின் அடியைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். ஹாக்கி பிளேடின் அகலம் சுமார் 3 மி.மீ. அடியில் நீளவாக்கில் குழித்துத் தீட்டுவதால் இரண்டு விளிம்புகள் கிடைக்கின்றன. 13 மி.மீ. ஆரத்தில் தீட்டிய பிளேடில் அந்தக் குழியின் ஆழம் 0.1 மி.மீ.கூட இல்லை, சுமார் 0.09 மி.மீ. தான். பிளேடு 1.3 டிகிரி சாய்ந்தால் ஒரு விளிம்பு மற்றதைவிட 0.07 மி.மீ. மேலே போய்விடுகிறது. அதாவது, பூட்டுக்குள் கால் ஆடும் ஆட்டம், பிளேடைத் தீட்டுபவர் பார்த்துப் பார்த்துச் செய்த வேலைக்குச் சமம்.

கால் ஆடுவது ஸ்கேட்டருக்குத் தெரியும். தெரிந்ததும் லேஸை இறுக்குவார். இறுக்கினால் புறங்காலில் ஓடும் தசைநாணில் பூட்டின் நாக்கு அழுந்தி, வாரக்கணக்கில் நிற்காத வலி வரும். குதி மேலும் கீழும் உரசினால் குதிகால் எலும்பின் பின்புறம் புடைத்துக்கொள்ளும். கணுக்கால் முட்டு சுவரில் தேய்ந்தால் தோலுக்கடியில் நீர் கோத்துப் பை மாதிரி வீங்கும். ஸ்கேட்டர்களிடம் சகஜமாகப் பார்க்கிற தொல்லைகள் இவை. பூட் கடிக்கிறது என்று இன்னும் ஒரு அடுக்குப் பஞ்சு வைப்பார்கள். பஞ்சு வைத்தால் பூட் தளரும். தளர்ந்தால் அடுத்த முறை இன்னும் கடினமான பூட் கேட்பார்கள்.

பழைய பூட் கனத்துப்போனது இப்படித்தான். ஃபிகர் ஸ்கேட்டிங்கின் பாரம்பரிய பூட்டைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் வெளித்தோல், நடுவே விறைப்பூட்டும் அடுக்குகள், பசை, நுரை, உள்தோல் என்று வரிசையாகத் தெரியும். அடியில் அடுக்குத் தோலில் செய்த சோலும் ஹீலும். பிளேடோடு சேர்த்தால் ஒரு கால் 1 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். வியர்வையைக் குடித்தால் இன்னும் கொஞ்சம் ஏறும். அந்த அடுக்குகளில் பல, சராசரி லாஸ்டில் (கால் வடிவ அச்சுக் கட்டையில்) இழுத்துத் தைத்த பூட்டுக்கும் அந்தக் குறிப்பிட்ட காலுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தை நிரப்ப வைத்தவை. வளைவுள்ள மெல்லிய ஓடு தன் வடிவத்தாலேயே விறைப்பாக நிற்கும். ஆனால் அந்த வளைவு காலின் வளைவோடு ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் நிரப்பத்தான் வேண்டும்.

பிளாஸ்டிக் ஏன் தோற்றது

லாங்கே, மைக்ரான் காலத்து ஓடுகள் இன்ஜெக்‌ஷன் மோல்டிங்கில் வந்தவை. உருகிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி, குளிர்ந்ததும் உள்ளே இருக்கும் ‘கோர்’ என்ற உள் அச்சை உருவ வேண்டும். கால் அதற்குத் தோதான வடிவம் இல்லை. குதி அகலம், அதற்கு மேலே குதிநாண் பக்கம் ஒடுக்கம், அதற்கும் மேலே கணுக்கால் முட்டுகள் அகலம். ஒடுங்கிய கழுத்து வழியாக அகலமான கோரை வெளியே எடுக்க வேண்டுமென்றால் இரண்டே வழி. ஓடு நெகிழ வேண்டும், அல்லது கழுத்தின் ஒடுக்கத்தைக் குறைக்க வேண்டும். கீழ் ஓடு, மேல் கஃப் (கணுக்காலைச் சுற்றும் பகுதி) என்று இரண்டாகப் பிரித்து நடுவில் ஆணி வைத்ததற்கு, முன்பக்கம் வளைய வேண்டும் என்பதோடு இந்த அச்சுப் பிரச்சினையும் ஒரு காரணம். இரண்டு துண்டுகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடத்தில் சுவர் இரட்டையாகும், எடையும் இரட்டையாகும். குதியைப் பிடிக்க வேண்டிய ஒடுக்கத்தை ஓட்டில் கொண்டுவர முடியாததால் அந்த வேலையைத் தடித்த லைனரிடம் (உள்ளுறையிடம்) ஒப்படைத்தார்கள். லைனர் நாளடைவில் அமுங்கியது. குதி நழுவியது.

அச்சின் விலையும் கையைக் கட்டியது. கால் நீளத்தை மில்லிமீட்டரில் அளக்கும் முறையில் 220 முதல் 300 வரை 5 மி.மீ. இடைவெளியில் போனால் 17 அளவுகள். இடது, வலது என்று 34 அச்சுகள். மூன்று அகலம் வேண்டுமென்றால் 102. எஃகு அச்சு வெட்டும் எந்த நிறுவனமும் இதற்கு இறங்காது. அடுத்தடுத்த அளவுகளுக்கு ஒரே ஓட்டைப் போட்டு, லைனரில் வித்தியாசம் காட்டுவதுதான் நடைமுறையானது. தைத்த பூட்டுக்கு இந்தச் சிக்கலே இல்லை. புது அகலத்துக்குப் புது லாஸ்டும் துணி வெட்டப் புது மாதிரியும் இருந்தால் போதும். ஆட்டக்காரர்கள் தைத்த பூட்டுக்குத் திரும்பியதைப் பழமைப் பிடிவாதம் என்று சொல்வது நியாயமில்லை. அவர்களுடைய கால் சரியாகத்தான் சொல்லியது.

தடம் மாறியது எங்கிருந்து

மாற்றம் ஸ்பீடு ஸ்கேட்டிங்கிலிருந்து வந்தது. அங்கே பூட் தாழ்வானது, பாதுகாப்புப் பஞ்சு கிடையாது, ஒவ்வொரு தள்ளலும் வளைவில் பிளேடை விளிம்பில் நிறுத்தியே ஆக வேண்டும். அதனால் ஸ்கேட்டரின் காலைப் பிளாஸ்டரில் அச்செடுத்து, அதன்மேல் கார்பன் துணியை ரெசினில் (இறுகிக் கெட்டியாகும் பிசினில்) தோய்த்துப் படியவைத்துச் செய்யும் பழக்கம் அந்த விளையாட்டில் முன்பே வேரூன்றியிருந்தது. எண்ணிக்கை குறைவு, பெரும்பாலும் கைவேலை, எஃகு அச்சு தேவையில்லை.

அந்தக் கைப்பக்குவத்தை ஹாக்கிக்கு எடுத்து வந்தவர்களில் இருவர் முக்கியமானவர்கள். அமெரிக்க ஒலிம்பிக் ஸ்பீடு ஸ்கேட்டர் டேவ் குரூக்‌ஷாங்க் எம்எல்எக்ஸ் என்ற ஸ்கேட்டின் பின்னால் இருந்தார். அந்த வடிவமைப்பே பிறகு ஈஸ்டன் நிறுவனத்தின் மாக்கோ ஸ்கேட்டாக 2013-ல் கடைக்கு வந்தது. கனடாவின் வினிபெக்கில் ஸ்காட் வான் ஹார்ன், விஹெச் என்ற பெயரில் ஆளுக்கேற்ற ஒரே துண்டு கம்போசிட் பூட் செய்தார். 2016-ல் அவருடைய தொழிலை ட்ரூ நிறுவனம் வாங்கியது. இன்னொரு பக்கம் பாவர் நிறுவனம் கர்வ் என்ற, தன்னைத் தானே வலுவூட்டிக்கொண்ட பாலிப்ரோப்பிலீன் தகட்டைச் சூடாக்கி அழுத்தி வடிவமைக்கும் பாதையில் போனது. ஃபிகர் ஸ்கேட்டிங்கில் இத்தாலியின் எடியா செயற்கைப் பொருட்களால் ஆன இலகு பூட்டுகளை மேல்மட்டப் போட்டியாளர்களிடம் பரப்பியது.

இந்தப் பொருட்களை ஒப்பிட ஓர் எளிய கணக்கு போதும். தகட்டின் வளைவு விறைப்பு தடிமனின் மூன்றாம் படியாக ஏறும். ஆகவே ஒரே விறைப்புக்கு எவ்வளவு எடை என்று பார்த்தால், சாதாரண பாலிப்ரோப்பிலீனை 100 என்று வைத்துக்கொண்டால், கண்ணாடி இழை எபாக்ஸி (எபாக்ஸி ஒரு வகை ரெசின்) சுமார் 86, தன்வலுவூட்டிய பாலிப்ரோப்பிலீன் சுமார் 70, நெசவு கார்பன் எபாக்ஸி சுமார் 51. இழைகளின் அமைப்பைப் பொறுத்து இவை சற்றே முன்பின் நகரும். கவனிக்க வேண்டியது நடுவில் இருப்பது. ஆளுக்கேற்ற கைவேலை எதுவும் இல்லாமல், சூடாக்கி அழுத்தினால் வந்துவிடும் தகடு 30 சதவீதத்தை மிச்சப்படுத்துகிறது. கார்பன் அதற்கு மேல் இன்னும் ஏறக்குறைய 20 தருகிறது, கணிசமான செலவோடு. பூட் ஓட்டின் பரப்பு 0.09 ச.மீ. என்றும், 3 மி.மீ. பாலிப்ரோப்பிலீன் சுவர் என்றும் எடுத்தால் ஓடு ஏறத்தாழ 245 கிராம். அதே விறைப்புக்குக் கார்பன் 0.9 மி.மீ., 126 கிராம். ஓட்டில் கிடைத்த லாபம் காலுக்கு 120 கிராம் மட்டுமே. இலகு பூட்டுகளில் மீதி எடை எங்கே குறைந்தது? நுரையில், பசையில், சோலில். அவற்றை வெளியேற்றியது பொருத்தம்.

ஒரு பூட் உருவாகிறது

முதல் வேலை காலை அளப்பது. முப்பரிமாண ஸ்கேனர் சில நொடிகளில் முடித்துவிடும். கேள்வி, எந்த நிலையில் காலை ஸ்கேன் செய்வது என்பது. தொங்கும் காலைவிட உடல் எடையைத் தாங்கும் கால் சில மில்லிமீட்டர் நீளும், அகலும். முழு எடையோடு நின்றால் வளைவு தட்டையாகி, பூட் தொளதொளப்பாகும். எடையே இல்லாமல் அளந்தால் நுனி விரல் இடிக்கும். பாதி எடையில், கணுக்கால் உள்ளேயும் வெளியேயும் சாயாத நடுநிலையில் அளப்பதுதான் சரிப்படும். ஃபிகர் பூட்டுக்கு இன்னொரு நிபந்தனை: ஹீல் உயரம் எவ்வளவோ அவ்வளவு குதியைத் தூக்கி வைத்தே ஸ்கேன் செய்ய வேண்டும். தட்டையாக அளந்துவிட்டுக் கணினியில் காலை வளைத்தால் குதிநாணும் புறங்காலும் இடம் மாறிப்போகும்.

ஸ்கேனருக்குத் தோல்தான் தெரியும், எலும்பு தெரியாது. குதியின் பின்புறம் சதை, அழுத்தினால் இடம் கொடுக்கும். கணுக்கால் முட்டில் தோலுக்கடியில் நேராக எலும்பு, ஒரு மில்லிமீட்டர்கூட விட்டுக்கொடுக்காது. வெளி முட்டு உள் முட்டைவிடத் தாழ்வாகவும் பின்தள்ளியும் இருக்கும். அதனால் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் குழி விட்டால் ஒரு பக்கம் நிச்சயம் கடிக்கும். செயற்கைக் கால் செய்பவர்களின் பழைய உத்தி இங்கே கைகொடுக்கிறது: எலும்பு துருத்தும் இடங்களில் மெல்லிய ஃபெல்ட் துண்டுகளை ஒட்டிவிட்டு அளவெடுப்பது. அந்த அளவு இடம் லாஸ்டில் தானாகவே கூடி வந்துவிடும். விரல் பக்கம் கொஞ்சம் கூட்டி, முட்டுகளுக்குப் பின்னால் குதிநாணின் இரு பக்கக் குழிகளில் கொஞ்சம் குறைத்து, திருத்திய வடிவத்தை நுரைக் கட்டையில் கடைந்தோ முப்பரிமாண அச்சில் அடித்தோ லாஸ்ட் தயாராகிறது.

அடுத்தது படியவைத்தல். ரெசின் ஏற்றிய கார்பன் துணி ஒரு அடுக்கு சுமார் 0.2 மி.மீ. குதிக் கிண்ணத்திலும் பாத வளைவின் அடியிலும் கூடுதல் அடுக்குகள், முறுக்கைத் தாங்க 45 டிகிரியில் சில. மேலே கழுத்துப் பகுதியில் அடுக்குகளைக் குறைத்து, அங்கங்கே கண்ணாடி இழையைக் கலப்பார்கள், முழங்கால் முன்னால் மடங்கும்போது கொஞ்சம் இடம் கொடுக்கட்டும் என்று. பக்கவாட்டில் விறைப்பு, முன்னால் நெகிழ்வு. நல்ல பூட்டின் இலக்கணம் இதுதான், முன்பக்கம் திறந்த ஓட்டில் அது இயல்பாகவே கிடைக்கிறது.

இந்த இடத்தில்தான் வேலை தெரிந்தவர் யார் என்பது தெரியும். குதிநாணின் இரு பக்கக் குழிகள் லாஸ்டில் உள்வாங்கிய பரப்பு. துணியைச் சுற்றி வெற்றிடப் பையில் போட்டு உறிஞ்சும்போது, துணி குதிக்கும் முட்டுக்கும் நடுவே இறுக்கமாக நின்றுகொண்டு குழிக்குள் இறங்க மறுக்கும். வெற்றிடம் தரும் அழுத்தம் அதிகபட்சம் ஒரு வளிமண்டலம். அந்த இழுவையை வெல்ல அது போதாது. துணிக்கும் லாஸ்டுக்கும் நடுவே ரெசின் தேங்கும், அல்லது காற்றுக்குமிழி நிற்கும். வெளியே பார்த்தால் வழவழவென்று அழகாக இருக்கும். உள்ளே குதியைப் பிடிக்க வேண்டிய அதே இடத்தில் 2 மி.மீ. இடைவெளி. முன்னால் போட்ட கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். இத்தனை ஸ்கேனும் திருத்தமும் அந்த ஒரு இடத்தில் வீணாகிவிடும். இதைத் தவிர்க்க, குழிக்கென்று தனியே சிறு துண்டுகளை வெட்டி முதலில் ஒட்டுவார்கள். பெரிய துணியைக் குழியின் குறுக்கே ஒரே துண்டாக ஓடவிடாமல் வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி வைப்பார்கள். பைக்குள் அந்த இடத்தில் சிலிக்கோன் திண்டு வைத்து அழுத்துவார்கள். நேர்நெசவைவிட ட்வில் (சாய்கோட்டு) நெசவு இரட்டை வளைவில் நன்றாகப் படியும் என்பதால் குதிக்கு அதைத்தான் எடுப்பார்கள். ஆட்டோகிளேவ் (அழுத்த அடுப்பு) இருந்தால் அழுத்தம் பல மடங்கு கிடைக்கும். ஆனால் நுரையில் கடைந்த லாஸ்ட் அந்தச் சூட்டையும் அழுத்தத்தையும் தாங்குமா என்ற புதுக் கவலை வரும்.

பதமானதும் லாஸ்டை எடுக்க வேண்டும். இன்ஜெக்‌ஷன் ஓட்டைத் தோற்கடித்த அதே ஒடுங்கிய கழுத்து இங்கேயும் காத்திருக்கிறது. விடை, லாஸ்டை மூன்றாக வெட்டி வைப்பது. நடு ஆப்பை முதலில் உருவினால், முன் துண்டும் குதித் துண்டும் நடுவே கிடைத்த இடத்தில் நகர்ந்து ஒவ்வொன்றாக வெளியே வந்துவிடும். ஷூ தொழிலில் ஆப்பு வைத்த லாஸ்ட் மிகப் பழைய சங்கதி. எஃகு அச்சின் கோரையும் இப்படிப் பல துண்டாக்கலாம், செலவு எகிறும். ஒரு ஜோடிக்கென்று செய்யும் லாஸ்டில் அது ஒரு ரம்பவெட்டு.

பிறகு விளிம்பு வெட்டு, ஐலெட் துளை, லைனர், நாக்கு. லைனர் இப்போது 3 மி.மீ. நுரையாக இருந்தாலே போதும், வடிவத்தை நிரப்பும் வேலை அதற்கு இல்லை.

சோலும் திருகும்

ஹாக்கியில் பிளேடு தாங்கியை ரிவெட் அடித்துவிடலாம். ஃபிகர் பிளேடைத் திருகுதான் பிடிக்கும். தோல் சோலில் திருகு நன்றாகக் கடித்து நிற்கும், ஆனால் வியர்வை இறங்கி நாளடைவில் துளை நைந்துபோகும். 1 மி.மீ. கார்பனில் திருகு நிற்காது. நைலான் அடியோ, நுரை நடுவே புதைத்த உலோக இன்சர்ட்டோ (திருகு இறங்கும் துண்டோ) வேண்டும். அலுமினியம் இலகு என்று அதை வைத்தால் வம்பு: உப்பு வியர்வையில் கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டால் மின்கலம் போல வேலை செய்து அலுமினியம் அரிக்கும். எவர்சில்வர் அல்லது டைட்டானியம் வைக்கலாம், அல்லது இடையே ஒரு கண்ணாடி இழை அடுக்கு போட்டுப் பிரிக்கலாம். தோல் சோலைத் தூக்கிய லாபத்தில் ஒரு பங்கு இப்படித் திரும்பிப் போகிறது. அதை ஈடுகட்ட பிளேடு பக்கமும் எடை குறைந்திருக்கிறது: முழு எஃகுக்குப் பதில் அலுமினிய உடலில் எஃகு சறுக்குப் பட்டை பதித்தது, கார்பன் சட்டம் வைத்தது எல்லாம் பழக்கத்துக்கு வந்துவிட்டன.

ஃபிகர் ஸ்கேட்டிங்கில் விறைப்பு அளவு மீறக் கூடாது. தாவி இறங்கும்போது காலில் விழும் விசை உடல் எடையைப் போல 5 முதல் 8 மடங்கு என்று சொல்லப்படுகிறது. வெறுங்காலில் இறங்கினால் முன்பாதம் முதலில் தொட்டு, கணுக்கால் மடங்கி அதிர்ச்சியை வாங்கும். உயரமான விறைத்த பூட் அந்த மடக்கத்தைக் கட்டிப்போடுகிறது. டெலவேர் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் குழுவினர் கணுக்காலில் கீல் வைத்த பூட் செய்து சோதித்தார்கள். குதியில் விழும் உச்ச விசை குறைந்தது. ஜாக்சன் நிறுவனம் அதைப் பொருளாகவும் விற்றது. ஸ்கேட்டர்கள் ஏற்கவில்லை. பார்க்க வேறு மாதிரி இருந்ததும், பழகிய தாவல் நேரத்தை மறுபடி கற்க வேண்டியிருந்ததும் காரணமாக இருக்கலாம். எனக்கு இது வருத்தம்தான். எடை குறைப்புக்குச் செலவான உழைப்பில் ஒரு பங்கு இந்தப் பக்கம் போயிருந்தால் முதுகும் இடுப்பும் தப்பியிருக்கும். கீல் இல்லாமலேயே கழுத்தின் பின்பக்கத்தைத் தாழ்த்தி, மேல் அடுக்குகளை மெலிதாக்கினால் கணுக்காலுக்குக் கொஞ்சம் அசைவு கிடைக்கும். ஒரே துண்டு ஓட்டில் அதை இடத்துக்கு இடம் கூட்டிக் குறைக்கலாம் என்பது அதன் பெரிய பலம், ஆனால் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

சூடு, குளிர், பக்

ஆளுக்கென்று செய்தாலும் கடைசி ஒரு மில்லிமீட்டர் சூட்டில்தான் தீர்கிறது. 80, 90 டிகிரி செல்சியஸ் வாக்கில் அடுப்பில் சில நிமிடம் வைத்து, மாட்டி, லேஸ் கட்டி, ஆறும்வரை உட்கார வேண்டும். 120 டிகிரியில் பதமான சாதாரண எபாக்ஸி இந்தச் சூட்டுக்கு அசையாது. அதனால் சூட்டில் திருத்தக்கூடிய பூட்டுக்குத் தாழ்ந்த சூட்டில் இளகும் ரெசின் அல்லது தெர்மோபிளாஸ்டிக் வேண்டும். இளகும் சூடு எவ்வளவு தாழ்வோ அவ்வளவு ஜாக்கிரதை தேவை: வெயிலில் நிறுத்திய மூடிய காருக்குள் 60 டிகிரியைத் தாண்டுவது அபூர்வமில்லை. கடையில் பார்த்துப் பார்த்துச் செய்த வடிவம் கார் டிக்கியில் கோணிக்கொள்ளலாம்.

குளிருக்கும் தனிக் கணக்கு உண்டு. ஐஸின் மேற்பரப்பு மைனஸ் 3 முதல் மைனஸ் 6 டிகிரி. சாதாரண பாலிப்ரோப்பிலீன் 0 டிகிரியை ஒட்டித்தான் கண்ணாடித்தன்மைக்கு மாறத் தொடங்குகிறது. அதாவது சரியாக ஆடுகளத்தின் வெப்பநிலையில் அது நொறுங்கத் தயாராகிறது. இழுத்து நீட்டிய நாடாக்களை நெய்து அழுத்திய தன்வலுவூட்டிய வகை அந்தக் குளிரிலும் அடி தாங்கும் என்பதால்தான் அது ஹாக்கிக்கு வந்தது. கார்பனுக்குக் குளிர் ஒரு பொருட்டில்லை, அடிதான் பகை. 165 கிராம் பக் (ஹாக்கியில் அடிக்கும் ரப்பர் வட்டு) மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் வந்தால் ஆற்றல் சுமார் 160 ஜூல். மெல்லிய கார்பன் வெளியே கீறல்கூடத் தெரியாமல் உள்ளே அடுக்கு பிரிந்துவிடும். ஆகவே வெளிப்புறம் அராமிட் (கெவ்லர் வகை இழை) அல்லது பாலிப்ரோப்பிலீன் அடுக்கு வைத்து அடியை வாங்கச் செய்கிறார்கள். தோல் பூட் சாகும்போது கணுக்காலில் மடிப்பு விழுந்து மாதக்கணக்கில் எச்சரிக்கும். கார்பன் அப்படிச் சொல்லிவிட்டுப் போவதில்லை. விரலால் சுண்டிப் பார்த்து, மந்தமான ஓசை வரும் இடத்தைத் தேடுவது மலிவான, ஆனால் உருப்படியான சோதனை.

யாருக்கு எது

2020 வாக்கில் பாவர் நிறுவனம் அகலத்தைக் குறிக்கும் எழுத்துகளை விட்டுவிட்டு, கால்களை ஒல்லி, நடுத்தரம், பருமன் என்று மூன்று வடிவக் குழுக்களாகப் பிரித்துக் கடைப் பூட் விற்கத் தொடங்கியது. பெரும்பாலான கால்களுக்கு அதுவே போதும் என்று நினைக்கிறேன்: சரியான குழு, சூட்டில் ஒரு திருத்தம். கணுக்கால் எலும்பு வழக்கத்துக்கு மாறாகத் துருத்துபவர்கள், இரண்டு காலுக்கும் அரை அளவுக்கு மேல் வித்தியாசம் உள்ளவர்கள், வாரத்தில் பல மணி நேரம் ஐஸில் இருப்பவர்கள் ஆகியோருக்குத்தான் ஆளுக்கேற்ற ஓட்டின் செலவு தகும். வளரும் பிள்ளைகளுக்கு அது வேண்டவே வேண்டாம். சூட்டில் சில மில்லிமீட்டர் அகட்டலாம், ஒரு அளவு நீளத்தைக் கூட்ட முடியாது.

பிளேடை எந்தக் கோட்டில் பொருத்துவது என்பதை மட்டும் ஸ்கேன் இன்னும் தீர்த்துவைக்கவில்லை. ஃபிகர் பிளேடில் வட்டத் துளைகளோடு நீள்துளைகளும் விட்டிருப்பது அதற்காகத்தான். முதலில் நீள்துளைகளில் மட்டும் சில திருகு போட்டு ஐஸில் ஓடவிட வேண்டும். நேராக நின்று சறுக்கும்போது பூட் உள்ளே சாய்கிறதா, வெளியே இழுக்கிறதா என்று பார்த்து ஒரு மில்லிமீட்டர் நகர்த்த வேண்டும். இன்னொரு முறை ஓடவிட்டு, சரியென்றால் வட்டத் துளைகளில் மீதித் திருகுகளை இறக்கலாம். கார்பன் சோலில் இன்சர்ட் இடத்தை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டவர்களுக்கு இந்த நகர்த்தலுக்கு இடம் இருக்காது. வடிவமைப்பாளர் அதை முதல் வரைபடத்திலேயே யோசித்திருக்க வேண்டும்.